போர்ப் பாதையில் ஒரு நடைப்பயணம்

(கோலார் தங்கவயலைச் சேர்ந்த பாலகாட்டில், மாணவர்களும் அரசு அலுவலர்களும் அடங்கிய நடைப்பயணக் குழுவினர் முன் ஆற்றிய உரை)



நாளை காலை நீங்கள் தொடங்கவிருக்கும் பயணத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். நாம் கூடியிருக்கும் இடத்தின் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். ‘பாலா’ என்னும் பாரசீகச் சொல்லுக்கு ‘மேலே’ என்பது பொருள். ‘காட்’ என்பது கணவாய். கணவாய்களுக்கு மேலே உள்ள நாடு பாலாகாட். கீழே உள்ள நாடு பாயன்காட். 18ஆம் நூற்றாண்டில் மைசூர்ப் பீடபூமியையும் ஆற்காட்டுச் சமவெளியையும் அரசாங்கப் பதிவுகள் இவ்வாறுதான் பிரித்து எழுதின. தங்கவயலின் வடகோடியில் இருந்த சுரங்கமும் இப்பெயரைத் தாங்கியிருந்தது. சுரங்கம் மூடப்பட்டு நெடுங்காலம் ஆகிவிட்டது. பெயர் மட்டும் இக்குடியிருப்பில் நிற்கிறது. கணவாய்க்கு மேலே வாழும் நீங்கள் நாளை வண்டியில் கீழே இறங்கி, அந்தக் கணவாயின் வழியே நடந்து மேலே வரப் போகிறீர்கள்.

உங்கள் பாதை ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில் மொகிலிக் கணவாயில் தொடங்குகிறது. பலமனேர், நங்கலி, முல்பாகல் வழியாகக் கோலார் நகரில் முடிகிறது. 1791ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபு தம் சேனையை மைசூர் நாட்டுக்குள் ஏற்றிக்கொண்டு வந்தது இந்த வழியாகத்தான். மூன்றாம் மைசூர்ப் போரின் போக்கை மாற்றிய ஏற்றம் இது. பாடநூலில் இதற்கு ஒரு வரிதான் கிடைக்கிறது. கால்நடையாக ஏறிப் பார்த்தவர்களுக்கோ அந்த ஒரு வரிக்குள் எத்தனை உழைப்பு அடங்கியிருக்கிறது என்பது முழங்காலில் தெரியும்.

அந்த நிகழ்ச்சியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். போரின் முதல் ஆண்டில் கம்பெனிப் படை கோயம்புத்தூர்ப் பக்கமாக மைசூருக்குள் நுழைய முயன்று தோற்றது. திப்பு சுல்தான் மலையிறங்கி வந்து, திருச்சிராப்பள்ளி, திருவண்ணாமலைப் பகுதிகளைக் கடந்து, புதுச்சேரிக்கு அருகில் முகாமிட்டுப் பிரெஞ்சுக்காரரின் உதவியை நாடினார். அந்த நிலையில் காரன்வாலிஸ் தாமே தலைமை ஏற்று, 1791 பிப்ரவரியில் வேலூரில் சேனையைக் கூட்டினார். அங்கிருந்து மேலே ஏற ஆம்பூர்ப் பக்கத்துக் கணவாய்களே எல்லோரும் எதிர்பார்த்த வழி. திப்புவும் அதையே எதிர்பார்த்தார். காரன்வாலிஸ் ஒரு பட்டாளத்தை ஆம்பூர்த் திசையில் அனுப்பிப் போக்குக் காட்டிவிட்டு, பெரும்படையை வடக்கே சித்தூருக்குத் திருப்பினார். சித்தூரிலிருந்து மேற்கே மொகிலிக் கணவாய். திப்பு செய்தி அறிந்து மேலே விரைவதற்குள், பீரங்கிகளும் தளவாடங்களும் எதிர்ப்பின்றிப் பலமனேர் மேட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டன. பிப்ரவரி இறுதியில் கோலார் பணிந்தது, அடுத்து ஹொசகோட்டை. மார்ச் 5ஆம் நாள் சேனை பெங்களூரை அடைந்தது. 7ஆம் நாள் பேட்டையும், 21ஆம் நாள் இரவில் கோட்டையும் வீழ்ந்தன.

தளபதியின் கெட்டிக்காரத்தனமாக மட்டுமே இந்நிகழ்ச்சியைச் சொல்லிச் செல்வது வழக்கம். கணவாயில் நிற்கும்போது வேறொரு கேள்வி எழ வேண்டும்: அந்தப் பீரங்கிகளை ஏற்றியது யார்? கோட்டைச் சுவரைத் தகர்க்கும் 24 பவுண்டுப் பீரங்கியின் குழல் மட்டுமே ஏறத்தாழ இரண்டரை டன் எடை கொண்டது. அதைச் சமவெளியில் இழுப்பதற்கே பல ஜோடி எருதுகள் வேண்டும். கணவாயின் சரிவில் எருதுகள் முன்னால் இழுக்க, யானை பின்னால் நெற்றியால் தள்ள, ஆட்கள் வடம் பிடிக்க, மற்றும் சிலர் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க, அங்குலம் அங்குலமாக ஏற்ற வேண்டும். இதற்கு முன்பே பாதையைச் செப்பனிடும் ஆட்கள் கடப்பாரையும் மண்வெட்டியுமாகப் போயிருக்க வேண்டும். அக்காலச் சேனைகளில் ஆயுதம் ஏந்தியவர்களைப் போலப் பல மடங்கு ஆட்கள் ஆயுதமின்றி நடந்தார்கள்: வண்டிக்காரர், மாடு மேய்ப்போர், புல் அறுப்போர், டோலி தூக்குவோர், தண்ணீர் சுமப்போர், சமையற்காரர், தானிய வியாபாரிகள், அவர்களுடைய மனைவி மக்கள். இவர்களுள் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள் மிகுதி. பதக்கப் பட்டியலில் இவர்கள் பெயர் இல்லை.

எருதுகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இந்தப் போரை முடிவு செய்ததில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. மைசூர் அரசு தனக்கென ஒரு மாட்டு இலாகாவையே வைத்திருந்தது. ஹைதர் அலி அதை விரிவாக்கினார். திப்பு சுல்தான் அதற்கு அமிர்த மகால் என்று பெயரிட்டு, மேய்ச்சல் நிலங்களையும் மேற்பார்வையாளர்களையும் வகுத்தார். மெலிந்த உடலும் நீண்ட கொம்பும் உறுதியான குளம்பும் கொண்ட அந்த மாடுகள், பாரத்துடன் விரைந்து நடப்பதில் பெயர் பெற்றவை. மைசூர்ப் படை எங்கிருந்தோ திடீரென்று வந்து நின்றதாக எதிரிகள் எழுதியதன் இரகசியத்தில் ஒரு பாதி இந்த மாட்டுத் தொழுவத்தில் இருந்தது. கம்பெனிப் படையோ ஒப்பந்தக்காரர்கள் திரட்டிய சமவெளி மாடுகளை நம்பியிருந்தது. 1791 மே மாதத்தில் காரன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் அருகே வரை சென்று அரிகெரெயில் களத்தை வென்றார். ஆனால் மாடுகள் நோயிலும் பசியிலும் செத்து விழுந்தன, முகாமில் அம்மை பரவியது, தானியம் தீர்ந்தது. வென்ற சேனை தன் பெரும் பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பி நடந்தது. மறு ஆண்டு மீண்டும் சென்றபோது, பொதிமாடுகளில் தானியம் கொண்டுவந்த பஞ்சாராக்களின் துணையோடுதான் அதனால் நிலைத்து நிற்க முடிந்தது. 1792 மார்ச்சில் உடன்படிக்கை ஏற்பட்டு, மைசூர் தன் நாட்டில் பாதியை இழந்தது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு, கம்பெனி அமிர்த மகால் மந்தையையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

பாதையோரத்துக் கிராமங்களின் நிலை என்ன? தன் நாட்டுக்குள் நுழையும் எதிரிக்குத் தீவனம் கிடைக்காதபடி எரித்துவிடுவது மைசூர்க் குதிரைப்படையின் உத்தி. எதிரி முகாமின் பின்னால் வரும் கூட்டமோ, எஞ்சியதைச் சூறையாடியது. கோலாருக்கு மேற்கே நடந்த கொள்ளையைக் கண்டு காரன்வாலிஸே தம் முகாமைச் சேர்ந்த சிலரைத் தூக்கிலிடும் நிலை வந்தது. இரு தரப்புக்கும் நடுவில் நின்ற குடியானவனுக்கு இது யாருடைய போர் என்பது பெரிய கேள்வியாக இருந்திருக்காது. வைக்கோற்போர் மிஞ்சுமா என்பதே கேள்வி. நீங்கள் நங்கலியிலோ வேறு சிற்றூரிலோ இளைப்பாறும்போது இதை நினைத்துப் பார்க்கலாம்.

நங்கலி என்ற பெயர் தமிழ் மாணவர்களுக்குப் புதிதன்று. முதற் குலோத்துங்க சோழன் மேலைச் சாளுக்கிய விக்கிரமாதித்தனை நங்கிலியிலிருந்து துங்கபத்திரை வரை துரத்தியதாக அவனுடைய மெய்க்கீர்த்திகள் கூறுகின்றன. அந்த நங்கிலி இந்த ஊரே என்பது கல்வெட்டு அறிஞர்களின் கருத்து. போசள விஷ்ணுவர்த்தனன் இதனைக் கைப்பற்றியதைத் தன் விருதுப் பெயர்களுள் ஒன்றாகவே சூடிக்கொண்டான். ஆக, காரன்வாலிஸ் கண்டுபிடித்த புது வழி எதுவும் இல்லை. மேட்டு நாட்டுக்கும் கீழ் நாட்டுக்கும் நடுவே படையும் உப்பு வண்டியும் யாத்திரிகரும் நூற்றாண்டுகளாக ஏறி இறங்கிய வழி இது. அடுத்து வரும் முல்பாகலின் பெயரையே பாருங்கள்: ‘மூடல பாகிலு’, கிழக்கு வாயில்.

அந்த வாயிலில் 1768 அக்டோபர் 4ஆம் நாள் நடந்த சண்டை முதல் மைசூர்ப் போரைச் சேர்ந்தது. ஹைதர் அலி முல்பாகல் மலைக்கோட்டையை மீட்டுக்கொண்டிருந்தார். அதைத் திரும்பப் பெற வந்த கர்னல் உட்டின் படை பாறைகளுக்கு நடுவே சிக்கித் தளர்ந்தது. பின்னால் தளவாடங்களைக் காத்து நின்ற கேப்டன் புரூக் என்பவர், காயம்பட்டவர்களையும் நோயாளிகளையும் கூட எழுப்பி, இரண்டு பீரங்கிகளை ஒரு பாறை மேல் ஏற்றிச் சுட்டுக்கொண்டே, எல்லோரையும் ‘ஸ்மித்! ஸ்மித்!’ என்று கூவச் செய்தார். கர்னல் ஸ்மித்தின் பெரும்படை வந்துவிட்டது என்று எண்ணி மைசூர் வீரர்கள் சற்றே பின்வாங்கினார்கள். அதற்குள் உட்டின் படை மூச்சு விட்டுக்கொண்டது. இளைஞர்களுக்கு இந்தக் கதை பிடிக்கும். பாறைகளைச் சுற்றிப் பார்த்தால் இன்னும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் எந்தப் பாறை என்று கேட்டால், கண்ணில் பட்ட முதல் பாறையைக் காட்டுகிற வழிகாட்டியை நம்பாதீர்கள்.

கோலாரில் உங்கள் பயணம் முடியும் இடம் ஹைதர் குடும்பத்தாரின் கல்லறை மண்டபம். ஹைதர் பிறந்தது, இங்கிருந்து தொலைவில் இல்லாத பூதிக்கோட்டையில். அவருடைய தந்தை பத்தே முகம்மதுவின் அடக்கத்தலம் கோலாரில் உள்ளது. 1782 டிசம்பர் 7ஆம் நாள் சித்தூருக்கு அருகே நரசிங்கராயன்பேட்டை முகாமில் ஹைதர் இறந்தபோது, திப்பு மலையாளக் கரையில் போரில் இருந்தார். செய்தி வெளியானால் படை கலைந்துவிடும். பூர்ணய்யாவும் கிருஷ்ணராவும் மற்ற அதிகாரிகளும் மரணத்தை மறைத்து, உடலை வாசனைத் திரவியங்களுடன் பெட்டியில் வைத்து, அரசாங்கக் கஜானா செல்வது போலக் காவலோடு கோலாருக்கு அனுப்பினார்கள். தந்தையின் பக்கத்தில் தற்காலிகமாக வைக்கப்பட்ட அவ்வுடல் பின்னர் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது. காவலாக நடந்த சிப்பாய்களுள் எத்தனை பேர் உண்மையறிந்து நடந்தார்களோ!

இனி, தங்கவயலுக்கும் இந்தப் பாதைக்கும் உள்ள உறவு. நேரடி உறவு உண்டு. திப்பு வீழ்ந்தபின் மைசூர் அரசு உடையார் வம்சத்துச் சிறுவருக்கு அளிக்கப்பட்டது. புதிய நாட்டின் எல்லை எது என்று அளந்து குறிக்க வேண்டியிருந்தது. கிழக்கு எல்லையை அளக்க 1802இல் அனுப்பப்பட்டவர், ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் கலந்துகொண்ட லெப்டினன்ட் ஜான் வாரன். எர்ரகொண்டா மலைப்பக்கத்தில் மண்ணில் பொன் கிடைக்கிறது என்ற பேச்சு அவர் காதில் விழுந்தது. பரிசு தருவதாக அவர் அறிவிக்க, ஊர்ப் பெண்கள் மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்முன்னே அரித்துப் பொன்துகளை எடுத்துக் காட்டினார்கள். உரிகத்திலும் மாரிக்குப்பத்திலும் உள்ளூரார் குழி தோண்டிக் கல்லை எடுத்து இடித்து அரிப்பதையும் அவர் எழுதி வைத்தார். (இந்த வாரன் பிறப்பால் பிரெஞ்சுக்காரர். பிற்காலத்தில் சென்னை வானியல் ஆய்வுக்கூடத்தைக் கவனித்தார். தமிழ்ப் பஞ்சாங்கக் கணக்கைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றும் எழுதினார். புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர், தரையில் சோழிகளைப் பரப்பி, 1825ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தை மனப்பாடமான வாய்பாட்டைக் கொண்டே கணித்துக் காட்டியதை அதில் வியந்து பதிவு செய்திருக்கிறார். பாமரர் அறிவைக் கேட்டு எழுதும் பழக்கம் அவருக்கு இருந்தது.) வாரனின் அறிக்கையைப் படித்துவிட்டு, 1871இல் பெங்களூரிலிருந்து மாட்டுவண்டியில் இங்கே வந்தவர் லவெல். நியூசிலாந்தில் மாவோரி மக்களுக்கு எதிரான போரில் இருந்து ஓய்வு பெற்ற சிப்பாய் அவர். 1875இல் அவர் சுரங்க உரிமை பெற்றார். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் வந்தது. எல்லை அளக்க வந்த சிப்பாய் எழுதியதை இன்னொரு சிப்பாய் படித்ததனால் பிறந்த ஊர் இது.

அதன் பிறகு இந்த மலைச்சரிவில் ஏறியது இன்னொரு சேனை. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வறட்சிக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பி, மண்வெட்டியோடு வந்த குடும்பங்கள் அவை. உங்களில் பலருடைய பாட்டனாரும் பாட்டியும் அச்சேனையைச் சேர்ந்தவர்கள். மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் வரை இறங்கி, ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கத்தை அவர்கள் வெளியே கொண்டுவந்தார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அன்று முதல் இவ்வூரின் இளைஞர்கள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள்.

அலுவலர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். இந்தப் பாதையில் குழுக்களை அழைத்துச் செல்லும் வழிகாட்டிகள் யாராக இருக்க வேண்டும்? பெருநகர நிறுவனம் ஒன்று தன் ஆட்களை அனுப்பி, வழியில் உணவுப் பொட்டலம் கொடுத்து, மாலையில் திரும்ப அழைத்துப் போகலாம். அப்படி நடந்தால் பாதையோர ஊர்களுக்கு மிஞ்சுவது காகிதக் குப்பை. மாறாக, இவ்வூர் இளைஞர் கையில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வீட்டில் தமிழ், பள்ளியிலும் அலுவலகத்திலும் கன்னடம், சந்தையில் தெலுங்கு, நண்பர்களிடம் உருது, போதிய ஆங்கிலம். வேலூரிலிருந்து கோலார் வரை மூன்று மாநிலங்களின் வழியே செல்லும் பாதைக்கு இதைவிடப் பொருத்தமான மொழி மூலதனம் எங்கே கிடைக்கும்? கல்லைப் பார்த்து வகை சொல்லும் கண்ணும், நெருக்கடியில் பதறாத பழக்கமும், சுரங்கத் தொழிலாளி தன் பிள்ளைகளுக்கு விட்டுச்சென்ற சொத்து.

இது சுரங்கத்துக்கு மாற்று என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்பவர்களிடம் கணக்குக் கேளுங்கள். நடைப்பயணம் பருவத்துக்கு ஏற்ற தொழில், கோடையில் நின்றுவிடும். ஒரு சிலருக்கே வழிகாட்டி வேலை கிடைக்கும். சமையல், தங்குமிடம், வண்டி என்று இன்னும் சிலருக்கு. ஆயினும் அந்தச் சிலருக்குப் பயிற்சியும் எழுத்து மூலமான ஊதிய விகிதமும் விபத்துக் காப்பீடும் முதல் நாளிலேயே வகுக்கப்பட வேண்டும். கௌரவ ஊதியம் என்ற அழகான பெயரில் கையில் எதையோ திணிக்கும் வழக்கம் இங்கே வேண்டாம். பாரம் சுமந்தவனுக்குக் கூலி பாக்கி வைத்தே நடந்த சேனைகளை இந்தப் பாதை போதுமான அளவு பார்த்திருக்கிறது.

பிற நாட்டு அனுபவம் ஒன்று பயன்படும். பப்புவா நியூகினியில் 1942ஆம் ஆண்டு ஜப்பானியருக்கும் ஆஸ்திரேலியருக்கும் கடும் போர் நடந்த கொக்கோடா மலைப்பாதை 96 கி.மீ. நீளமுடையது. இன்று அங்கே வழிகாட்டிகளுடன் குழு குழுவாக நடக்கிறார்கள். நடப்பவர் அனுமதிக் கட்டணம் செலுத்துகிறார்; கிராமத்து ஆட்கள் சுமை தூக்கியும் இடம் கொடுத்தும் வருமானம் பெறுகிறார்கள். போரில் காயம்பட்ட ஆஸ்திரேலியரைத் தோளில் சுமந்து இறக்கிய பப்புவர்களின் நினைவை அங்கே மறக்க விடுவதில்லை. ஆனால் பணம் உண்மையில் கிராமங்களைச் சேர்கிறதா என்ற சச்சரவும் அங்கே உண்டு. பாதையோரத்தில் சுரங்கம் தோண்டுவதா, பாதையைக் காப்பதா என்ற தகராறு 2008இல் பாதையையே மறிக்கும் அளவுக்குப் போயிற்று. நாம் தொடங்கும்போதே கணக்குப் புத்தகத்தை ஊராட்சியில் எல்லோரும் பார்க்கும்படி வைத்துவிட்டால், அந்தச் சச்சரவில் பாதியைத் தவிர்க்கலாம்.

வழிகாட்டிகளாகப் பயிற்சி பெறும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். எதைச் சொல்லும்போதும், இது ஆவணத்தில் இருப்பது, இது ஊரார் சொல்வது, இது என் ஊகம் என்று பிரித்துச் சொல்லுங்கள். ஆவணத்திலும் ஒரு பக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம். மைசூரில் ரெசிடெண்டாக இருந்த வில்க்ஸ் எழுதிய வரலாறு வென்றவர்களின் பார்வை. ஹைதரிடமும் திப்புவிடமும் பணியாற்றிய கிர்மானி பாரசீகத்தில் எழுதியது மறுபக்கம். இரண்டிலும் மாட்டுக்காரன் பேசுவதில்லை. அவனைப் பற்றி ஊர்களில் ஏதேனும் சொல்வார்களானால் குறித்து வாருங்கள். அது வாரன் குறித்து வைத்ததற்குக் குறைந்ததாகாது. திப்புவைப் பற்றி இன்று மக்களிடையே கடுமையான கருத்து வேறுபாடுகள் உண்டு. குழுவில் விவாதம் எழுந்தால் அடக்க வேண்டாம். நிழலில் உட்கார்ந்து பேசுங்கள், நடக்கும்போது வேண்டாம்.

கடைசியாகச் சில நடைமுறைச் செய்திகள். மொகிலிக் கணவாயில் நெடுஞ்சாலை போகிறது. கனரக வண்டிகள் இறங்கும் வளைவுகள் ஆபத்தானவை. அந்தப் பகுதியில் வழிகாட்டி சொல்லும் இடங்களில் மட்டும் நடந்து, மற்ற இடங்களை வண்டியில் கடக்க வேண்டும். பழைய தடத்தின் ஒவ்வோர் அடியையும் மிதித்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம்; எந்த அடி எது என்று யாராலும் கோடு கிழித்துக் காட்ட முடியாது. பலமனேரை அடுத்த காடுகள் கௌண்டின்யா சரணாலயத்தைச் சேர்ந்தவை; யானைகள் உண்டு. வனத்துறையின் அனுமதிச் சீட்டு குழுத் தலைவரிடம் இருக்க வேண்டும். காலை ஒளி வந்த பிறகே புறப்பட வேண்டும். மாலை மங்குவதற்குள் முகாமை அடைய வேண்டும். பலமனேரில் சற்றுக் குளிர்ச்சியாக இருக்கும். நீலகிரிக்குப் பாதை திறக்கப்படுமுன் சென்னை துரைமார் உடல் தேற அங்கேதான் வந்து தங்கினார்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீராவது வைத்துக்கொள்ளுங்கள். கிராமத்துக் கிணறுகளில் கேட்காமல் இறைக்காதீர்கள். திரும்பி வந்தபின் ஒவ்வொருவரும் இரண்டு பக்கக் குறிப்பு எழுதித் தர வேண்டும். அதில் நீங்கள் வழியில் சந்தித்து உரையாடிய மூவருடைய தொழிலும் அவர்கள் சொன்ன செய்தியும் இருக்க வேண்டும். வண்டி காலை ஐந்து மணிக்கு இந்தக் கட்டடத்தின் வாசலுக்கே வருகிறது.